முதுகெழுத்து

பத்திரிகையின் தலையெழுத்தை மாற்றுகிறோம் என்று
திரையில் மூன்று மாதிரி காட்டினார்கள்.
ஹாலிஃபாக்ஸ் ரயிலடிக்குப் பின்னால்
கம்பளி ஆலையாக இருந்து அலுவலகமாகிவிட்ட கட்டிடம்,
இரண்டாம் மாடி. வெளியே நவம்பர் மழை
சாய்வாக, அவசரமில்லாமல்.

எழுபத்தொரு வருடம் 'பென்னைன் பித்தளை வாத்திய மாத இதழ்'.
இனி 'ஊது.'
ஒற்றைச் சொல். முற்றுப்புள்ளி உண்டு.
கார்னெட் வாசிக்கிற எவரிடமும்
இதுவரை யாரும் சொல்லத் தேவைப்படாத கட்டளை.

புதிய முதலாளிகளுக்கு ஏற்கெனவே பதினோரு இதழ்கள்:
கேரவன், தங்கமீன், தேனீ வளர்ப்பு,
பொம்மை ரயில், மற்றதெல்லாம் மறந்துவிட்டது.
கெட்டவர்கள் இல்லை.
சம்பளம் இரண்டு நாள் முன்னதாகவே வந்தது.
ஒரு காபி இயந்திரமும் வந்தது,
டியூபா வாசிக்கும் வில்ஃப் மாதிரி
ஊதுவதற்கு முன் இருமும்.

நான் முடிவுகள் பக்கம்.
இருபத்திரண்டு வருடமாக, போட்டி முடிந்த ஞாயிறு இரவுகளில்
போன் வரும். தோளில் இடுக்கிக்கொண்டே எழுதுவேன்:
அணி, நடத்தியவர் பெயர், வாசித்த வரிசை, மதிப்பெண்.
ஐந்து பாயிண்ட் எழுத்தில் பதினெட்டு அணிகள்
ஒன்றின் தோளில் ஒன்று காலூன்றி நிற்கும்.
கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது.
படித்தார்கள்.

வடிவமைப்பாளர் டேவினா ஓசேய்,
பிரிஸ்டலிலிருந்து வந்தவள், முப்பது இருக்காது,
மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றாமலே பேசினாள்:
பக்கம் மூச்சுவிட வேண்டும்.
முதல் மூன்று இடம் போதும். மீதி வெள்ளை.

ஜெயித்தவருக்கு இதழ் எதற்கு, என்றேன்.
அவரிடம் கோப்பை இருக்கிறது,
மேயரோடு எடுத்த படம் இருக்கிறது.
காசு கொடுத்து வாங்குகிறவன் பதினான்காம் இடத்துக்காரன்,
பதின்மூன்றுக்கும் தனக்கும் ஒரே ஒரு மதிப்பெண்தான் என்று
வேலையிடத்தில் மடித்துப் பிடித்துக் காட்ட.

அறை அமைதியானது.
யாரோ பிஸ்கட் கடித்தார்கள்.
நல்ல பாயிண்ட் என்று குறித்துக்கொண்டார்கள்.
எங்கே குறித்தார்கள் என்று தெரியவில்லை.

முதல் இதழ் வந்தது.
அழகாகத்தான் இருந்தது.
யூஃபோனியத்தின் வளைவு ஒரு முழுப் பக்கம்,
அதில் வாசிப்பவளின் முகம் தலைகீழாக, நீண்டு, சிரித்து.
பெயர்களைத் திணித்துத் திணித்தே பழகிய நான்
இந்த வாத்தியத்தைப் பார்த்ததே இல்லையோ என்றிருந்தது.
பொறாமை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒன்றை அவர்கள் கவனிக்கவில்லை.
பழைய இதழுக்கு மடிப்பில் இரண்டு கம்பித் தையல்.
புதியதற்குப் பசை. பசை என்றால் முதுகு உண்டு.
நான்கு மில்லிமீட்டர் முதுகு,
யாருடைய வேலைப்பட்டியலிலும் இல்லாத இடம்.
மாதமும் வருடமும் போட்டால் போதும் என்று
என் தலையில் கட்டினார்கள்.
அலமாரியில் நிறுத்திவிட்டால்
தலையெழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

இரண்டாம் இதழில், மார்ச் என்ற சொல்லுக்கு அடுத்து
ஐந்து பாயிண்டில் தட்டினேன்:
ஸ்கார்பெக் ஆலை அணி, பதினான்காம் இடம், 171.
மீதிப் பதினான்கு அணிக்கு
முதுகு போதாது. தெரியும்.
தெரிந்தேதான் அனுப்பினேன்.

அச்சுப்படி திரும்பி வந்தது,
பக்கமெல்லாம் டேவினாவின் பச்சை மை.
முதுகைச் சுற்றி ஒரு வட்டம்.
பிடிபட்டேன் என்று நினைத்து
கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டே பார்த்தேன்.

ஸ்கார்பெக்கில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன்.
சேர்த்திருந்தாள்.
பக்கத்தில், அவசரக் கையெழுத்தில்:
ஐந்து வேண்டாம்.
ஐந்தரை.